பிரிட்டனின் தீர்ப்பாயக் கண்காணிப்பு மன்றத்தைக் கலைத்தது சரியா?

சட்டமாணவி_மதுரை கேட்கிறார்:

நிர்வாகச் சட்டப் பாடத்துக்காக ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டனில் தீர்ப்பாயங்களையும் நிர்வாக நீதி முறையையும் மேற்பார்வையிட்டு வந்த 'நிர்வாக நீதி மற்றும் தீர்ப்பாயங்கள் மன்றம்' என்ற தன்னாட்சி அமைப்பு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2013 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. பல துறைகளின் பிடியில் சிதறிக் கிடந்த தீர்ப்பாயங்களில் பெரும்பாலானவை முதல்நிலை, மேல்நிலை என்ற ஒரே கட்டமைப்புக்குள் வந்துவிட்டதால் இனி அந்த மன்றம் தேவையில்லை என்பது அரசு கூறிய காரணங்களுள் முதன்மையானது. படிக்கும்போது அந்த வாதம் நியாயமாகவே தோன்றுகிறது. நீதிபதிகள் சுதந்திரமாக இயங்கும் இடத்தில் அவர்களைக் கண்காணிக்க மேலும் ஓர் அமைப்பு எதற்கு? கலைத்தது தவறு என்று கருதுவோர் இருந்தால், அதற்கான வலுவான காரணத்தைக் கூற வேண்டுகிறேன்.

வழக்காடி:

நீங்கள் கேட்ட கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. அந்த மன்றத்தின் பணி நீதிபதிகளைக் கண்காணிப்பது மட்டுமன்று. 2007-ஆம் ஆண்டுச் சட்டம், குடிமக்களைப் பற்றி அரசு அலுவலகங்கள் முதலில் எடுக்கும் முடிவு, அதன்மீது வரும் புகார், குறைகேள் அதிகாரியின் விசாரணை, மேல்முறையீடு ஆகிய அனைத்தையும் ஒரே முறையாகக் கண்டு ஆராயும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. தீர்ப்பாயங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தது நல்லதுதான். ஆனால் தவறான முடிவை முதலில் எடுத்த துறை அந்தக் கூரைக்கு வெளியேதான் நிற்கிறது. 2011-இல் மன்றம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, முதல் தடவையிலேயே சரியாக முடிவெடுப்பதைத் துறைகளின் கடமையாக வலியுறுத்தியதோடு, தவறான முடிவுகளால் மேல்முறையீடுகளைப் பெருக்கும் துறையே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டது. இதைத் தீர்ப்பாய நீதிபதி சொல்ல இயலாது. அவர் முன் வரும் வழக்கை மட்டுமே அவர் தீர்க்க முடியும். துறைகளும் தாமாகச் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

2010 அக்டோபரில் அரசு 192 பொது அமைப்புகளைக் கலைக்கப்போவதாக அறிவித்தபோது இந்த மன்றமும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாடாளுமன்றத்தின் பொது நிர்வாகத் தேர்வுக்குழு 2012-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டுத் தன் கவலைகளைப் பதிவு செய்தும் முடிவு மாறவில்லை. அந்த ஆண்டுகளில் வேறு என்னவெல்லாம் நடந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2013 ஏப்ரலில் சமூகநல உதவித்தொகை வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசுச் சட்ட உதவி நிறுத்தப்பட்டது. ஜூலையில் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கக் கட்டணம் வந்தது. உதவித்தொகை மறுக்கப்பட்டவர் மேல்முறையீட்டுக்கு முன், மறுத்த துறையிடமே மறுபரிசீலனை கேட்டாக வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த மறுபரிசீலனையை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று துறைக்குச் சட்டக் கெடு எதுவும் விதிக்கப்படவில்லை. இவை அனைத்தையும் ஒருசேர நோக்கக் கடமைப்பட்ட ஒரே அமைப்பு அதே ஆகஸ்டில் மூடப்பட்டது.

கருவூலர்:

வழக்காடி அவர்கள் அடுக்கிய நிகழ்வுகள் உண்மையே. ஆனால் அவர் வாதத்துக்கு அவை உதவவில்லை என்பது என் கருத்து. வேலைவாய்ப்புத் தீர்ப்பாயக் கட்டணம் பற்றிய கலந்தாய்வும் முடிவும் மன்றம் உயிரோடு இருந்த காலத்தில்தான் நடந்தன. மன்றத்தால் அதைத் தடுக்க முடிந்ததா? பின்னாளில் 2017 ஜூலையில் அந்தக் கட்டணத்தை உடைத்தது யூனிசன் என்ற தொழிற்சங்கமும் உச்ச நீதிமன்றமுமே. வழக்குகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்துவிட்டதை அமைச்சகத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களே அந்த வழக்கில் காட்டிக் கொடுத்தன.

அந்த மன்றத்தின் குறை பிறவியிலேயே தொடங்கியது. அரசு கையகப்படுத்திய நிலத்தைப் பழைய உரிமையாளருக்குத் திருப்பித் தராத கிரிச்செல் டவுன் விவகாரத்தில் வேளாண் அமைச்சர் 1954-இல் பதவி விலகியதை அடுத்து, தீர்ப்பாயங்களையும் பொது விசாரணைகளையும் ஆராய அமைக்கப்பட்ட ஃபிராங்க்ஸ் குழு, 1957-இல் அளித்த அறிக்கையில், தீர்ப்பாய உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தையே புதிதாக அமையவேண்டிய ஒரு மன்றத்துக்குத் தரப் பரிந்துரைத்திருந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்ப்பாயங்கள் மன்றம் என்ற முன்னோடி அமைப்பை நிறுவியபோது அந்த அதிகாரத்தைக் கொடுக்காமல், ஆலோசனை சொல்லும் உரிமையோடு நிறுத்திக்கொண்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதிகாரமற்ற ஓர் அமைப்பு இருப்பதாலேயே மேற்பார்வை நடக்கிறது என்ற நிம்மதி பிறந்துவிடும் ஆபத்தும் உண்டு. அதைவிட நாடாளுமன்றக் குழுக்களும் நீதிமன்றங்களும் நேரடியாகப் பொறுப்பேற்பது மேல்.

பார்கவுன்சில்_வாசகர்:

மாணவி இந்திய ஒப்பீட்டையும் சேர்க்கலாம். எல். சந்திரகுமார் வழக்கில் 1997-இலேயே உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயங்களின் நிர்வாகத்துக்குத் தனி அமைப்பு ஒன்று வரும்வரை அவற்றை ஒரே அமைச்சகத்தின் கீழ் வைக்கலாம் என்று கூறியது. மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் 2020-இல் தேசியத் தீர்ப்பாய ஆணையம் ஒன்றை அமைக்கவும் உத்தரவிட்டது. எனினும் நம் ஆணையத்தின் நோக்கம் நியமனமும் நிர்வாகமும். பிரிட்டன் இழந்தது வேறொன்று, முழு முறையையும் வெளியிலிருந்து ஆராயும் பார்வை. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

சட்டமாணவி_மதுரை:

மூவருக்கும் நன்றி. கருவூலர் ஐயாவின் வாதம் வலுவாக இருக்கிறது. அதிகாரம் இல்லாத அமைப்பைக் கலைத்ததால் உண்மையில் எது குறைந்தது என்று வழக்காடி அவர்கள் விளக்க முடியுமா?

வழக்காடி:

கட்டணத்தைத் தடுக்க அதற்கு வலு இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் யூனிசன் வழக்கு வெல்ல நான்கு ஆண்டுகள் ஆயின. வழக்குச் செலவைத் தாங்கக்கூடிய ஒரு பெரிய சங்கமும் தேவைப்பட்டது. மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. அந்த மேல்முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை பின்னர் தீர்ப்பாயத்தில் மனுதாரர் பக்கம் முடிந்தன. அப்படியானால் முதல் முடிவுகள் எந்தத் தரத்தில் இருந்தன என்று கேட்பது யார் கடமை? கட்டாய மறுபரிசீலனையைப் பற்றிச் சமூகப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு தனி அறிக்கை வெளியிட 2016 ஆகிவிட்டது. மன்றத்தின் உறுப்பினர்களுக்கோ தீர்ப்பாய விசாரணை அறைகளில் நேரில் சென்று உட்கார்ந்து, வழக்கறிஞர் இல்லாமல் வரும் ஒருவருக்கு அங்கே என்ன நேர்கிறது என்று காணும் உரிமை இருந்தது. இந்த வேலையைப் புள்ளிவிவரம் செய்யாது.

ஆஸ்திரேலியா 2015-இல், இதே போன்ற பணியைச் செய்த தன் நிர்வாக மீளாய்வு மன்றத்தை நிறுத்திவிட்டு, 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை மீண்டும் நிறுவியதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். பிரிட்டனில் மன்றத்துக்குப் பதிலாக வந்த ஆலோசனை அரங்கம் 2017-இல் முடிந்துபோயிற்று. 2018-இல் தொடங்கிய நிர்வாக நீதிக் குழுவுக்குச் சட்ட அடித்தளம் இல்லை. 'ஜஸ்டிஸ்' என்ற தொண்டு அமைப்பு அதற்கு இடமளிக்கிறது. தொடக்கத்தில் அதன் தலைவராக அமர்ந்தவர் தீர்ப்பாயங்களின் மூத்த தலைவரே. அவர் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீர்ப்பாயங்களின் தலைவரே தீர்ப்பாயங்களைப் பற்றிய வெளிப்பார்வைக்கும் தலைமை தாங்குவதை, நீதிபதிகளைக் கண்காணிக்க மேலும் ஓர் அமைப்பு எதற்கு என்று நீங்கள் எழுப்பிய கேள்வியோடு வைத்துப் பாருங்கள்.