புதுப்பிப்பு: 12 வோல்ற் பம்ப் கன்ட்ரோல் போட்டுக்கு சேர்ஜ் (மிகை வோல்ற்) பாதுகாப்பு

கிளிநொச்சி வயல் பம்புகளின் கன்ட்ரோல் போட்டுக்கு டிவிஎஸ் டயோட் (மிகை வோல்ற்றை உறிஞ்சி அடக்கும் டயோட்) மட்டும் போதுமா என்பதுதான் முன்பு மிஞ்சிய கேள்வி. போதாது. மோட்டர் நிற்கையில் எழும் நொடிப்பொழுது ஸ்பைக்கை அது தாங்கும். பற்றரி வயர் கழன்று, சோலார் பனலிலிருந்து 20 வோல்ற்றுக்கு மேல் தொடர்ந்து வந்தால் சூடாகியே செத்துவிடும்.

அதற்கு எல்டி4356 என்ற சேர்ஜ் தடுப்பு ஐசியும், அது இயக்கும் சுவிட்சாக ஒரு என்-சனல் மொஸ்பெற்றும் (ஒருவகை ட்ரான்சிஸ்ரர்) வேண்டும். ஐசி அவுட்புட் வோல்ற்றை அளக்கும் எஃப்பி பின்னில் மேலே 59, கீழே 4.99 கிலோஓம் ரெசிஸ்ரர் போட்டால் அவுட்புட் 16 வோல்ற்றில் நிற்கும் (1.25 × (1 + 59/4.99)). கரண்டை அளக்கும் 10 மில்லிஓம் சென்ஸ் ரெசிஸ்ரர் அதை 5 அம்பியரில் மட்டுப்படுத்தும்.

கருகுவது பெரும்பாலும் மொஸ்பெற்தான். அவுட்புட்டை 16 வோல்ற்றில் பிடித்து வைக்கும் கிளாம்ப் நேரத்தில் அது அரைகுறையாகத்தான் திறந்திருக்கும்: உள்ளே வருவது 40 வோல்ற், வெளியே 16 வோல்ற், 2 அம்பியர் என்றால் (40 − 16) × 2 = 48 வாற் வெப்பம். டேட்டாஷீற்றின் எஸ்ஓஏ வரைபடத்தை (எவ்வளவு வோல்ற், கரண்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை) பார்த்தே, ஐசி துண்டிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் ரைமர் கப்பாசிற்றரைத் தெரிவுசெய்யுங்கள். பெரிதாய்ப் போட்டால் ஐசி துண்டிக்க முன்னரே மொஸ்பெற் போய்விடும்.

ஐப்பசி இடிக்கு இது தடுப்பல்ல. அதற்கு, நீண்ட சென்சர் வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் காஸ் டிஸ்சார்ஜ் ரியூப்பும் (மிகை வோல்ற்றை ஏர்த்துக்குத் திருப்பும் வாயுக் குழாய்) குட்டையான ஏர்த் வயரும் வேண்டும்.