மறு: ‘டேப்ரி’ மாட்டிறைச்சிக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புடையீர்,

‘டேப்ரி’ மாட்டிறைச்சியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குப் பலரும் சொற்களைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் போபாய் சாண்ட்விச்சை, மாட்டிறைச்சியும் இறாலும் வைத்து வீட்டில் செய்வதற்கான குறிப்பைத் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லை ஆக்க வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்பதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ரொட்டியில் சாற்றோடு வைக்கும் மாட்டிறைச்சித் துணுக்குகளான ‘டேப்ரி’க்கு ‘உதிர்கறி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘போபாய்’ என்பதைத் தொட வேண்டியதில்லை.

1929 ஜூலையில் அந்நகரத்து டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு டிராம் நடத்துநர்களாக இருந்த பென்னி, குளோவிஸ் என்னும் மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் உணவகத்தில் அவர்களுக்கு இலவசமாக உணவளித்தார்கள் என்றும், பசியோடு உள்ளே வருபவரைப் பார்த்து ‘இன்னொரு ஏழைப் பையன் (புவர் பாய்) வருகிறான்’ என்று குரல் கொடுத்ததிலிருந்தே பெயர் பிறந்தது என்றும் அங்கே சொல்வார்கள். அந்தக் கதையை முன்னுரையில் எழுதலாம். அதற்காக ‘ஏழைப்பையன் ரொட்டி’ என்று பெயரையே மாற்றினால், கடையில் அதைத் தேடிப் போகிறவருக்குத்தான் தொல்லை.

‘டேப்ரி’யின் நிலை வேறு. அது பொருளைச் சுட்டும் சொல். ஆங்கிலத்தில் இடிபாடு, சிதறல் என்று பொருள்படும் சொல்லைத்தான் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் பிரெஞ்சுச் சாயலில் அப்படி ஒலிக்கிறார்கள். போய்ட்ராஸ் தெருவில் 1938 முதல் நடக்கும் மதர்ஸ் உணவகத்தால் பெயர் பெற்றது இது: மாட்டிறைச்சியை அறுக்கும்போது சாற்றில் விழுந்து ஊறிக் கிடக்கும் துணுக்குகளை அந்தச் சாற்றோடு அள்ளி ரொட்டியில் வைப்பார்கள். வீட்டில் செய்யும்போது தோள்பட்டைப் பகுதியில் ஒன்றரை கிலோ அளவில் ஒரே துண்டாக வாங்கி, கத்தியால் குத்திய துளைகளில் பூண்டைச் செருகி, உப்பும் மிளகும் தேய்த்து, கனத்த சட்டியில் எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க வைத்த பின், வெங்காயமும் பாதி உயரத்துக்கு எலும்புச் சாறும் சேர்த்து மூடி, 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் விட்டுவிட வேண்டும். இறைச்சியின் உள்வெப்பம் 90 டிகிரியைத் தாண்டி அங்கேயே நெடுநேரம் நிற்கும்போது, நார்களைக் கட்டியிருக்கும் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து சாற்றில் இறங்குகிறது. கரண்டியால் தொட்டாலே இறைச்சி இழை இழையாகப் பிரிவதும், சாறு விரலில் பிசுபிசுவென்று ஒட்டுவதும் அதனால்தான்.

இதற்கு வந்த பரிந்துரைகளில் ‘எச்சம்’ என்பதை உணவுக்கு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பறவையின் நினைவு வராமல் அதைப் படிப்பவர் இலக்கண ஆசிரியர் மட்டுமே. ‘கறிப்புட்டு’ என்பது நல்ல முயற்சிதான். ஆனால் சுறாப்புட்டை அறிந்தவர் மனத்தில் அது உலர்ந்த, பொலபொலப்பான பண்டமாகவே பதியும். டேப்ரிக்கோ சாறுதான் பாதி உயிர். ‘பிய்த்த கறி’ என்பதில் கை வேலை முன்னே நிற்கிறது; இங்கே இறைச்சி தானாக விழுகிறது.

‘உதிர்கறி’ வினைத்தொகை. ஊறுகாய் என்னும்போது ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என மூன்று காலமும் அடங்குவதுபோல, அறுக்கும்போது உதிர்ந்ததும், சட்டியில் உதிர்ந்துகொண்டிருப்பதும், ரொட்டியில் வைத்தால் உதிரப்போவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. வினைத்தொகையில் வல்லினம் மிகாதாகையால் ‘உதிர்க்கறி’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ‘கறி’ என்றால் யாழ்ப்பாணத்தில் காய்கறிக் குழம்பும் கறிதானே என்ற தடை நியாயமானது. எனவே குறிப்பில் முதன்முறை வரும் இடத்தில் ‘மாட்டு உதிர்கறி’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

இறால் பகுதியில் புதுச்சொல் எதுவும் தேவையில்லை. ஆனால் பழைய சொல்லொன்று குழப்புகிறது. ‘சோள மாவு’ என்று எழுதினால் ஒருவர் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவை எடுப்பார், ஒருவர் மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவை எடுப்பார், மற்றொருவர் நம் கடைகளில் ‘கார்ன் ஃபிளார்’ என்று விற்கும் வெண்பொடியை எடுப்பார். கடைசியாகச் சொன்னது மாவே அன்று, மக்காச்சோளத்தின் ஸ்டார்ச். நியூ ஆர்லியன்சில் இறாலைப் புரட்டுவது மஞ்சள் மாவில். 180 டிகிரி எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடத்தில் இறால் சுருண்டு மேலே சொரசொரப்பான மொறுமொறுப்பு படியும், அதன்மேல் உதிர்கறிச் சாறு விழுந்தாலும் சற்று நேரம் தாங்கும். ஆகவே ‘மக்காச்சோள மாவு’, ‘மக்காச்சோளத் தரசம்’ என்று இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். வெறும் ‘சோள மாவு’ சோளத்துக்கே இருக்கட்டும்.

கடல் உணவையும் மாட்டிறைச்சியையும் ஒரே ரொட்டியில் வைக்கும் ‘சர்ஃப் அண்ட் டர்ஃப்’ வகைக்கு, நெய்தல் இறாலும் முல்லை மாடும் கூடுவதால் ‘திணைமயக்கம்’ என்று பெயரிடலாம் என எழுதியவரின் குறும்பை மிகவும் ரசித்தேன். உணவகப் பட்டியலில் வைக்கலாம். செய்முறையில் ‘உதிர்கறி இறால் போபாய்’ என்பதே விளங்கும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரி: ‘மேலோடு மெல்லியதாய் நொறுங்கி உள்ளே பஞ்சாக இருக்கும் நீள ரொட்டியை இரண்டாகப் பிளந்து, மயோனைஸ் தடவி, லெட்டூஸ், தக்காளி, வெள்ளரி ஊறுகாய் அடுக்கி, பொரித்த இறாலை நிரப்பி, சூடான உதிர்கறியைச் சாற்றோடு மேலே ஊற்றி உடனே பரிமாறவும்.’

‘தரசம்’ என்ற சொல் இன்று எத்தனை பேருக்குப் புரியும் என்பதில் மட்டும் எனக்கு ஐயம் உண்டு. ‘ஸ்டார்ச்’ என்றே வைக்கலாம் என்று பெரும்பாலோர் கருதினால் மறுக்கமாட்டேன்.