புதுப்பிப்பு: ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லித்தர இடம் கிடைத்துவிட்டது

கேன்டீன் இரைச்சலில் ஜூனியர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர முடியவில்லை, என்ன செய்யலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நூலகத்தின் பின்னறையை மாலை 4 முதல் 5 வரை துறைத்தலைவர் ஒதுக்கித் தந்துவிட்டார். கதவைத் திறந்தே வைக்கிறோம், யாருக்கும் சங்கடமில்லை.

பெரிய மாற்றம் நாற்காலியில்தான். எதிரெதிரே உட்கார்ந்தபோது வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்கள்போல மிரண்டார்கள். இப்போது பக்கத்தில் உட்காருகிறேன், பேனா அவர்கள் கையில். லாப்லாஸ் உருமாற்றம் என்ற கல்லூரிக் கணிதப் பாடத்தின் கணக்குகளில் தவித்த ஒரு தம்பி, ஒரு பெரிய பின்னத்தைச் சிறிய பின்னங்களின் கூட்டலாக, அதாவது பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறான் என்பது அவன் எழுதுவதைப் பார்த்த பிறகே புரிந்தது. பள்ளியில் படித்ததாயிற்றே என்று கேட்க வெட்கப்பட்டிருக்கிறான், பாவம்! எத்தனை அரியர் என்று அந்த அறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நல்ல வெண்பலகை ஒன்றுதான் இன்னும் வேண்டும்.