ஆறடித் தாவரத் தொட்டி: விளக்கைக் கூட்டுவதா, கரியமில வாயு சிலிண்டர் வாங்குவதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து

வணக்கம். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தாவரத் தொட்டி (நீர்ச்செடிகள் வளரும் மீன் தொட்டி) ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மண்ணும் கல்லும் போக ஏறத்தாழ 570 லிட்டர் நீர் நிற்கும். இரண்டு 50 வாட் எல்இடி ஃபிளட் லைட்டுகள் தினமும் பத்து மணி நேரம் எரிகின்றன. செடிகளுக்குத் தேவையான கரியமில வாயுவுக்குச் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டில்களை வைத்திருக்கிறேன். நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. சோதனைக் குப்பியில் கேஎச் (நீரின் கார்பனேட் கடினத்தன்மை) 10 காட்டுகிறது. பிஎச் காலையில் 7.8, விளக்கு அணையும் வேளையில் 8.6.

வாலிஸ்நேரியா புதராக வளர்கிறது, ஆனால் அதன் இலைகளில் சொரசொரப்பான வெள்ளைப் படிவு ஒட்டியிருக்கிறது. ரொட்டாலா மாக்ராண்ட்ரா என்ற சிவப்புச் செடியோ நுனியில் மட்டும் உயிர்ப்போடு இருக்க, அடித்தண்டு இலையுதிர்ந்து மொட்டையாகிவிடுகிறது. மரக்கட்டையிலும் அனுபியாஸ் இலை ஓரங்களிலும் கறுப்புத் தாடிப் பாசி. வெளிச்சம் போதவில்லை, இன்னும் இரண்டு விளக்கு போடுங்கள் என்கிறார் கடைக்காரர். அதே செலவில் சிலிண்டர் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். மீன்கள் பெரும்பாலும் மிஸ் கேரளா. எதை முதலில் செய்வது?

பதில்: மீனாட்சிபுரத்திலிருந்து

ஐயா, விளக்கு வாங்குவதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பிஎச் அளவுகளும் அந்த வெள்ளைப் படிவும் சேர்ந்து நோயைச் சொல்லிவிடுகின்றன.

கேஎச் அளவையும் பிஎச் அளவையும் வைத்துக் கணக்கிட்டால், உங்கள் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு காலையில் லிட்டருக்கு 5 மில்லிகிராமை ஒட்டியும், மாலையில் ஒன்றுக்கும் கீழாகவும் இருக்கிறது. அதாவது, இரவில் மீன்களும் செடிகளும் மூச்சுவிட்டுச் சேர்த்ததையும் உங்கள் பாட்டில்கள் கொடுத்ததையும் செடிகள் விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே தீர்த்துவிடுகின்றன. அதன்பின் வாலிஸ்நேரியா நீரிலுள்ள பைகார்பனேட்டை உடைத்துக் கார்பனை எடுத்துக்கொள்கிறது. அப்போது பிரிகிற சுண்ணாம்பே இலைமேல் படிகிறது. ரொட்டாலா மாக்ராண்ட்ராவுக்கு அந்தத் திறன் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துச் செடிதானே, நம் ஊரில் தானாக வளரும் என்று பலர் நினைக்கிறார்கள். மென்மையான நீரையும் தாராளமான கரியமில வாயுவையும் எதிர்பார்க்கும் செடி அது. இந்த நிலையில் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் செடியின் பசி கூடுமே தவிர உணவு கூடாது, மிச்சம் பாசிக்குப் போகும்.

ஈஸ்ட் பாட்டில் சிறு தொட்டிக்கு உதவும். 570 லிட்டருக்கு அதன் வாயு போதாது. கலவை புதிதாக இருக்கும்போது ஒரு அளவும் பழசானதும் வேறொரு அளவுமாக ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் கறுப்புத் தாடிப் பாசிக்கு மிகவும் பிடித்த சூழல். எனவே ரெகுலேட்டர், சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது), நீடில் வால்வு (வாயுவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைப்பது) ஆகியவற்றோடு ஐந்து கிலோ சிலிண்டர் வாங்குங்கள். அழுத்தத்தை இரண்டு படிகளில் குறைக்கும் இரட்டை நிலை ரெகுலேட்டர் விலை கூடுதல்தான். ஆனால் சிலிண்டர் தீரும் தறுவாயில் எஞ்சிய வாயு மொத்தமாகத் தொட்டிக்குள் பாய்ந்து மீன்களைக் கொல்லும் ஆபத்தை அது பெரிதும் குறைக்கும். பழைய தீயணைப்புக் கருவியை மலிவாகத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அதன் உள்ளே அடிவரை இறங்கும் குழாய் இருப்பதால் வாயுவுக்குப் பதில் திரவம் வெளியேறி ரெகுலேட்டரைக் கெடுத்துவிடும். பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதலும் சோதனைத் தேதியும் பொறித்த சிலிண்டராகப் பாருங்கள்.

வாயுவை நுண்குமிழிகளாக்கத் தொட்டிக்குள் வைக்கும் சிறிய டிஃப்யூசர் இந்த அளவுக்குப் போதாது. கேனிஸ்டர் ஃபில்டரிலிருந்து (தொட்டிக்கு வெளியே இருக்கும் வடிகட்டி) நீர் திரும்பும் குழாயில், வாயுவை நீரில் கரைக்கும் ரியாக்டர் பொருத்தினால் வாயு முழுவதும் கரைந்து, நீரோட்டத்தோடு மறுமுனை வரை போகும். குமிழிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பெரிய தொட்டியில் அவை எண்ண முடியாத வேகத்தில் ஓடும். 4 கேஎச் கரைசல் நிரப்பிய டிராப் செக்கரை (கரியமில வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பி) வாயு நுழையும் இடத்திற்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். பச்சை நிறம் என்றால் ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால் அவசரப்பட்டு வால்வைத் திருப்பாதீர்கள்.

விளக்கைப் பொறுத்தவரை, இப்போதைக்கு ஆறு மணி நேரமாகக் குறைத்தாலே போதும். ஒரு லிட்டருக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கு குழல் விளக்குக் காலத்தது; எல்இடிக்குப் பொருந்தாது. மண்ணின் மட்டத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதே கணக்கு. பிஏஆர் (செடிகள் பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு) 30 முதல் 50 வரை நடுத்தரம். உங்கள் செடிகளுக்கு அதுவே நல்ல தொடக்கம். இரண்டு ஃபிளட் லைட்டுகளால் நேர்கீழே கண் கூசும், நடுவிலும் ஓரங்களிலும் நிழல் விழும். பின்னர் மாற்றுவதானால் ஆறடிக்கும் பரவும், டிம்மர் உள்ள விளக்காக எடுங்கள்.

பதில்: ஆரியங்காவிலிருந்து

அண்ணா, மேலே சொன்ன காரணத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, தீர்வில்தான் உண்டு. மிஸ் கேரளா குளிர்ந்த, வேகமாக ஓடும் ஆற்று மீன். கோடையில் பாலக்காட்டுப் பக்கம் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும்போது அதில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதன்மேல் கரியமில வாயுவையும் ஏற்ற வேண்டுமா? ரொட்டாலாவை விட்டுவிட்டு வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன், லாஜெனாண்ட்ரா ஆகிய செடிகளோடு நின்றால், ஒரு விளக்கை அணைத்துவிட்டு சிலிண்டரே இல்லாமல் அழகான தொட்டி வைக்கலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அந்தச் சிவப்புச் செடிக்காகத்தான் இந்தத் தொட்டியையே வைத்தேன் என்பதால் சிலிண்டர் வழியில் போகிறேன். மீன்களைக் காப்பது எப்படி? எங்கள் பக்கம் மின்வெட்டு உண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. சிலிண்டரைக் கிழக்கு வராந்தாவில் வைக்கலாமா?

பதில்: மீனாட்சிபுரத்திலிருந்து

ஆரியங்காவுத் தம்பி சொன்ன எச்சரிக்கை நியாயமானது. ஆகவே 30 மில்லிகிராமை எட்ட வேண்டாம். செக்கர் கரும்பச்சையில் நிற்கும்படி 20 அளவில் தொடங்கி, விடுமுறை நாளில் அருகிலிருந்து பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மீன்கள் மேல்மட்டத்தில் கூடி வாய் திறந்தால் உடனே வாயுவை மூடி ஏர் பம்ப்பைப் போடுங்கள். நீரின் மேற்பரப்பு எப்போதும் மெல்ல அலைய வேண்டும். அதனால் கொஞ்சம் வாயு வீணாகும், போகட்டும். விளக்குக்கு இரண்டு மணி நேரம் முன்பு வாயு திறந்து, விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பு மூடும்படி டைமர் வையுங்கள். இரவில் ஏர் பம்ப் ஓடட்டும்.

வராந்தா வேண்டாம். 31 பாகைக்கு மேல் உள்ளே திரவமே நிற்காது, வெயில் ஏற ஏற அழுத்தம் கூடும். நிழலான, காற்றோட்டமுள்ள மூலையில் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். எவ்வளவு மிச்சம் என்பதை அழுத்தமானி காட்டாது. எடை போட்டுத்தான் அறியலாம். இன்வெர்ட்டரில் ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் மட்டும் இணைத்து, சோலனாய்டை இன்வெர்ட்டரில் சேராத மெயின் இணைப்பில் விடுங்கள். மின்சாரம் போனதும் அது தானாக மூடிக்கொள்ளும். பாசி பிடித்த அனுபியாஸ் இலைகளை இப்போதே நறுக்கி எறிந்துவிடுங்கள், அவை தேறாது.