அண்டாவை நம்பிப் படுத்திருந்த புகைப் பைப்

எங்கள் வீடு அவிநாசிக்குப் பக்கம். குளியலறையில் கேஸ் கீசர் மாட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. எரிந்த புகை வெளியே போக நாலு அங்குல அலுமினியப் பைப், மடங்கி நீளுகிற வகை. கீசரின் தலையிலிருந்து கிளம்பி, மேலே சாமான் போடுகிற அட்டாலியில் (பரணில்) போட்ட ஓட்டை வழியாக ஏறி, உள்ளே ஏழடி படுத்து, பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். மாட்ட வந்தவர் அந்த ஏழடிக்கு ஒரு கிளாம்பு கூடப் போடவில்லை. அட்டாலியில் இருந்த பித்தளை அண்டா மேலும், சுருட்டி வைத்த பழைய மெத்தை மேலும் பைப்பைச் சாய்த்துவிட்டு, "இதெங்கீங்க போகப்போவுது" என்று இறங்கிவிட்டார். நானும் சரி என்று காசைக் கொடுத்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஸ்டீம் லைன் இரண்டு சப்போர்ட்டுக்கு நடுவில் லேசாகத் தொய்ந்தாலே ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கத்துகிற ஆள் நான்.

பொங்கல் நோம்பிக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அட்டாலியை ஒட்டுக்காகக் காலி செய்தோம். அண்டா இறங்கியது. எலி கடித்த மெத்தை குப்பைக்குப் போனது. பைப்பை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை எல்லாம் வைத்து வாசலில் காப்புக் கட்டினோம். அடுத்த நாள் விடியற்காலையில் வரிசையாகக் குளியல். அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர், நான், கடைசியாக என் மனைவி. குளிருக்கு எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. கீசர் ஒரு மணி நேரம் போல விட்டு விட்டு எரிந்திருக்கும்.

பெரியவள் தலை வலிக்கிறது என்றாள். பசியாக இருக்கும் என்றோம். மனைவி தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குமட்டல், கால் நிற்கவில்லை. "வெறும் வயித்துல தலைக்கு ஊத்துனா கிறுகிறுன்னுதான் வரும் கண்ணு" என்று அம்மா சுக்குத்தண்ணி வைக்கப் போனார். நான் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை அவள் விரலில் மாட்டினேன். 98 காட்டியது. அந்த 98ஐப் பார்த்துவிட்டுத்தான் அரை மணி நேரம் சும்மா இருந்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட இரண்டாவது கேள்வியே, "தண்ணி எதுல காய வெச்சீங்க?" என்பதுதான். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளுமாம். விரலில் மாட்டுகிற கருவிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் நல்ல நம்பர் காட்டும் என்றார். கேஸ் வாடையே வரலீங்களே என்று கேட்டேன். சிலிண்டர் கேஸுக்குச் சொந்த வாசம் கிடையாது, கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் சேர்க்கிறார்கள், எரியும்போது அதுவும் எரிந்துபோகும், கார்பன் மோனாக்சைடுக்கோ வாசமும் இல்லை நிறமும் இல்லை என்றார். மாஸ்க் போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். பிள்ளைகளையும் அம்மாவையும் வரவழைத்துப் பார்த்தார்கள். பொழுது சாய வீடு வந்தோம். அந்த வருடம் பொங்கப் பானை ராத்திரிதான் பொங்கியது.

அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறினேன். அண்டா இருந்த இடத்தில் பைப் தூளி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இழுவையில் சுவர்ப் பக்கத்து இணைப்பு டேப்போடு பிய்ந்து ஒரு சாண் விலகியிருந்தது. புகை முழுக்க அட்டாலிக்குள் நிறைந்து, ஓட்டை வழியாகக் குளியலறைக்கும், அட்டாலிக் கதவு வழியாகப் படுக்கையறைக்கும் இறங்கியிருக்கிறது. தூளியைத் தூக்கினேன், ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். பைப் தொய்ந்த இடத்தில் அது தங்கி, பைப்பை இன்னும் கீழே இழுக்கும், புகை போகிற வழியையும் அடைக்கும். பாய்லர்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

எங்கள் பட்டறை ஃபிட்டர் அண்ணன் வந்து செய்து கொடுத்த வேலையைச் சொல்கிறேன். மடங்குகிற பைப்பைக் கழற்றிவிட்டு, அதே நாலு அங்குலத்தில் விறைப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப். கீசர் வாயின் அளவை எந்த இடத்திலும் குறைக்கக் கூடாது. கீசருக்கு மேலே முதல் இரண்டடி நேராக ஏற்றிவிட்டுத்தான் முதல் வளைவு. படுக்கிற இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் நோக்கி ஏற்றம். ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ, டேப்பை நம்பவில்லை. மேல் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து, திரெட் ராடு இறக்கி, இரும்புப் பட்டைக் கிளாம்பு. ஏழடிக்கு மூன்று கிளாம்பு, அதில் இரண்டு இணைப்பை ஒட்டி. வேலை முடிந்ததும் அண்ணன் கீசரிலிருந்து பைப்பைக் கழற்றிவிட்டு, "இப்ப பாருங்க, அப்படியே நிக்குதா" என்றார். நின்றது. முன்பெல்லாம் பைப்பின் கனம் பாதி கீசரின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது.

வெளியே பைப்பை மேலே திருப்பி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நிறுத்தி, தொப்பி போட்டோம். அட்டாலியின் மரக்கதவு பைப்பிலிருந்து தள்ளியே இருக்கிற மாதிரி மாற்றினோம். கடைசியில் கீசரை எரியவிட்டு ஊதுபத்தியைக் கீசர் தலையில் புகை கிளம்புகிற வாய்க்குப் பக்கத்தில் பிடித்தோம். புகையை உள்ளே இழுத்தது. அட்டாலிக்குக் கீழே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுப் பெருந்துறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

அண்ணா, எங்க வீட்டுல அண்டாவுக்குப் பதிலா பிளாஸ்டிக் கயிறு. ஆணியடிச்சுக் கட்டியிருந்தாங்க. சூட்டுல கயிறு இளகி நீண்டு, பைப் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிருச்சு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற அன்னைக்கு மட்டும் எனக்குத் தலைவலி வரும். எண்ணெய் சேரலைன்னு ஒரு வருஷம் நல்லெண்ணெயை மாத்தி மாத்திப் பார்த்தேன்.

காங்கேயத்துக்காரர், இப்போது இங்கிலாந்தில்:

நான் லீட்ஸில் வாங்கிய பழைய வீட்டில் ஹாலில் கேஸ் ஃபயர், அதாவது குளிர்காய கேஸில் எரிகிற கணப்பு. அதன் புகை சுவருக்குள் ஏறி, அட்டாலியில் இரட்டைச் சுவர்ப் பைப்பாகி, கூரை முகட்டில் போய் முடிகிறது. அட்டாலியில் பெட்டி அடுக்கப் போனவன் பார்த்தால், பைப் ஒரு கட்டுக்கம்பியில் தொங்குகிறது. இங்கே நாமே கை வைக்க முடியாது. கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் தொட வேண்டும், 2009 முதல் அந்தப் பதிவு நடைமுறையில் இருக்கிறது. வந்தவர் முதல் காரியமாக ஃபயரை நிறுத்தி, எரிக்காதே என்று சீட்டு ஒட்டிவிட்டார். பிறகு கூரைச் சட்டத்தில் இரும்பு பிராக்கெட் திருகி, பைப்பைச் சுற்றிப் பட்டை போட்டார். பைப்புக்கும் மரத்துக்கும் நடுவே 25 மில்லிமீட்டராவது காற்று இருக்க வேண்டும் என்று அளந்தும் பார்த்தார். பைப்பின் அகல வாய் மேலே பார்த்திருக்க வேண்டுமாம், உள்ளே வழிகிற தண்ணீர் இணைப்பில் வெளியே ஒழுகாது. நான் குளிருக்காகப் பைப்பைச் சுற்றி அமுக்கி வைத்திருந்த கண்ணாடிப் பஞ்சையெல்லாம் எடுக்கச் சொன்னார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மாதிரி கீசரை இங்கே குளியலறையில் மாட்டவே சட்டம் விடாது. அறைக் காற்றைத் தொடாமல் வெளிக்காற்றை இழுத்து எரிகிற மூடிய வகைதான் மாட்டலாம்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்:

குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் போதாதுங்களா?

என் பதில்:

போதாதுங்க, அதுவே ஆபத்து. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ஃபேன் போட்டால், காற்று வர வேறு வழியில்லாமல் புகைப் பைப் வழியாகவே இழுக்கும். மேலே போகிற புகை திரும்பிக் கீழே வரும். அதே ஊதுபத்தியை ஃபேன் போட்டு ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் புகை என் முகத்துக்கு வந்தது. அன்றைக்கே ஃபேனைக் கழற்றினேன்.

காங்கேயத்து அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் மனசு ஒப்பவில்லை. சித்திரையில் கீசரையே கழற்றிப் பொடக்காணி (கொல்லைப்புறம்) சுவரில், திறந்தவெளியில், மேலே ஒரு தகரம் போட்டு மாட்டிவிட்டேன். சுடுதண்ணீர் மட்டும் உள்ளே வருகிறது. அந்த மூன்று கிளாம்பும் இப்போது வெளிச்சுவரில் பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காலியான அட்டாலியில் அம்மா மறுநாளே அண்டாவை ஏற்றச் சொல்லிவிட்டார்.