இரண்டு பேர், ஒரு செயலி: செண்டிரியான் பெர்ஹாட் இப்போதே தேவையா?

பட்டர்வொர்த்காரன்:
வணக்கம். வீட்டிலிருந்து கேட்டரிங் செய்கிறவர்களுக்கு ஆர்டர் எடுக்கும் செயலி ஒன்றை நானும் என் தோழனும் உருவாக்கியிருக்கிறோம். கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் வாங்கத் தயார். தனிநபர் பெயரில் பில் வாங்க மாட்டார்களாம், பதிவு செய்த பெயர் வேண்டுமாம். கம்பெனி திறந்து தர ஓர் ஏஜெண்ட் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். இதைவிடச் சீக்கிரமாக, மலிவாக வழி உண்டா?

செந்தூல்வாசி:
எண்டர்பிரைஸ் போடுங்கள், அதாவது கம்பெனி திறக்காமல் வியாபாரப் பெயரை மட்டும் பதியுங்கள். கம்பெனிகளையும் வியாபாரங்களையும் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வியாபாரப் பெயருக்கு வருஷத்துக்கு 60 வெள்ளிதான்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தம்பி, அந்த 3,000 எதற்கெல்லாம் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். செண்டிரியான் பெர்ஹாட், அதாவது பங்குகள் உள்ள தனியார் கம்பெனி, பதிய எஸ்எஸ்எம் வாங்குவது 1,000 வெள்ளி. 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஓர் இயக்குநரே போதும், அவர் மலேசியாவில் வசிக்க வேண்டும். மூலதனம் 1 வெள்ளி இருந்தாலும் சரி. எஸ்எஸ்எம்மின் மைகோஐடி இணையத் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் பதிந்த 30 நாளுக்குள் தகுதியுள்ள கம்பெனிச் செயலாளரை நியமித்தாக வேண்டும். காசு கரைவது அங்கேதான். அவருக்கு மாதச் சம்பளம், ஆண்டறிக்கைக்கு 150 வெள்ளி, அப்புறம் கணக்கு, வரிப் படிவம். சிறு கம்பெனிக்குத் தணிக்கையிலிருந்து விலக்குக் கிடைக்கலாம், கணக்கறிக்கையிலிருந்து கிடைக்காது. வருமானமே இல்லாத வருஷத்திலும் இவை வரும். நான் கணக்கு எழுதுகிறவள். திறக்கும் செலவை மட்டும் விசாரித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

எண்டர்பிரைஸ் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இருவர். செயலி கோளாறாகி ஒரு கல்யாண ஆர்டர் கெட்டுப்போய், வாடிக்கையாளர் நஷ்டஈடு கேட்டால் உங்கள் சொந்தச் சேமிப்பிலும் கை வைக்கலாம். வியாபாரத்தின் பெயரில் தோழன் வாங்கும் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு.

பட்டர்வொர்த்காரன்:
அக்கா, பிஎல்டி என்று ஒன்று சொல்கிறார்களே?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
உங்களுக்கு நான் சொல்லவிருந்ததே அதுதான். பிஎல்டி என்றால் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு வியாபாரம். பதிவுக்கு 500, வருஷ அறிவிப்புக்கு 200. செயலாளர் வேண்டாம், சட்ட விதிகளைக் கவனித்துக்கொள்ளும் இணக்க அதிகாரியாக உங்களில் ஒருவரே இருக்கலாம். பிஎல்டியின் கடன் பொதுவாக உங்கள் தனிச் சொத்துக்கு வராது. குறை என்னவென்றால், அதில் பங்குகள் கிடையாது. முதலீட்டாளர் யாராவது பங்கு கேட்டுக் காத்திருந்தால் நேராகச் செண்டிரியான் பெர்ஹாட்டுக்கே போங்கள், 1,000 வெள்ளியைப் பார்க்காதீர்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பிஎல்டி பில் செல்லுமா என்று முதலில் அந்த வாடிக்கையாளரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எதைப் பதிந்தாலும், செயலியின் நிரல் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் என்ன என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை நிம்மதியாகப் பேச முடியும்.

பிறைவாசி:
எஸ்எஸ்எம் பதிவு வேறு, வியாபார உரிமம் வேறு. பட்டர்வொர்த்தில் கடையோ அலுவலகமோ எடுத்தால் அங்குள்ள மாநகராட்சியான எம்பிஎஸ்பியிடம் உரிமம் கேளுங்கள். பினாங்குத் தீவில் எடுத்தால் அங்குள்ள மாநகராட்சியான எம்பிபிபியிடம்.

பட்டர்வொர்த்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. முதலீட்டாளர் யாரும் இல்லை. பிஎல்டி பில் போதுமா என்று நாளைக்கே கேட்கிறேன். ஒப்பந்தத்தை இந்த வாரம் தோழனோடு உட்கார்ந்து எழுதிவிடுகிறோம்.