தோட்டா ரீலோடிங்: மருந்து மேக்ஸிமத்துக்கு கீழதான் நிக்கிறேன், ஸ்பீடும் புத்தகத்தை தாண்டல, இன்னும் ஏத்தலாமா?

டெக்சாஸ்_மாப்ள:
வணக்கம் மக்களே, டல்லாஸ் பக்கம் இருக்கேன், காட்டுப்பன்னி வேட்டைக்குன்னு ஒரு ரெமிங்டன் 700 ரைஃபிள் வாங்கினேன், தோட்டா .308 வின்செஸ்டர், 20 இஞ்ச் பேரல். போன வருஷம்தான் வீட்லயே ரீலோடிங் ஆரம்பிச்சேன், அதாவது சுட்ட பித்தளை கேஸ்ல (தோட்டாவோட கூடு) புது பிரைமர் (தீப்பொறி குடுக்கிற சின்ன குப்பி), மருந்து, குண்டு போட்டு நாமே தோட்டா செய்யறது. 168 கிரெயின் (எடை அளவு) குண்டு, மருந்து பால் பவுடர் (உருண்டை உருண்டையா இருக்கிற வெடிமருந்து, குடிக்கிற பால் இல்ல). லோட் புத்தகத்துல மேக்ஸிமம்னு போட்டதுக்கு ஒரு கிரெயின் கீழ வச்சிருக்கேன். அந்த மேக்ஸிமத்துக்கு புத்தகம் சொல்ற வேகம் 2700 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு அடி). ஞாயித்துக்கிழமை நண்பரோட ரேடார் க்ரோனோ (குண்டு வேகம் அளக்கிற கருவி) வச்சு பத்து தோட்டா சுட்டேன், ஆவரேஜ் 2640. பிரைமர் ஓரமெல்லாம் நல்லா உருண்டையாதான் இருக்கு, தட்டையாகல, போல்ட்டும் (தோட்டாவுக்கு பின்னால மூடுற தாழ்) வெண்ணெய் மாதிரி தொறக்குது. மருந்தும் மேக்ஸிமத்துக்கு கீழ, வேகமும் கீழ, அப்ப பிரஷரும் கீழதானே இருக்கணும்? மிச்சம் இருக்கிற அந்த ஒரு கிரெயினையும் போட்டுடலாமான்னு யோசிக்கிறேன். ரேஞ்சுல ஒருத்தர் உனக்கு ஃபாஸ்ட் பேரல் (அதே லோடுக்கு மத்த பேரலை விட வேகம் குடுக்கிறது) அமைஞ்சிருக்கு, அதிர்ஷ்டக்காரன்னு வேற சொல்லிட்டு போனார்.

பழைய_பட்டறை:
தம்பி, ஏத்துறதை முதல்ல நிறுத்துங்க. புத்தகத்துல அந்தப் பக்கத்து மேல பொடி எழுத்துல டெஸ்ட் பேரல் எவ்வளவு நீளம்னு போட்டிருப்பாங்க, போய் பாருங்க, .308க்கு பெரும்பாலும் 24 இஞ்ச்தான். உங்களோடது 20. இஞ்சுக்கு சுமாரா 20, 25 எஃப்பிஎஸ் குறையும், நாலு இஞ்சுக்கு 80லேர்ந்து 100 போயிடும். அப்ப முழு மேக்ஸிமம் போட்டாலே உங்க பேரல்ல 2600, 2620தான் வரணும், நீங்க ஒரு கிரெயின் கம்மி வேற, அதுக்கு இன்னும் ஒரு 50 கழியும். 2550, 2570ன்னு வர வேண்டிய இடத்துல 2640 வருது. 24 இஞ்சுக்கு மாத்தி பார்த்தா அது 2720க்கு மேல, அதாவது நீங்க ஏற்கனவே புத்தகத்தோட மேக்ஸிமத்தை தாண்டிட்டீங்க, எடை மட்டும்தான் கம்மியா இருக்கு. வேகம் சும்மா வராது, எங்கேயோ பிரஷர் கூடியிருக்கு. ஃபாஸ்ட் பேரல்னு ஒண்ணு இருக்கறது நெசம்தான், ஆனா மத்த காரணத்தையெல்லாம் பார்த்து முடிச்சப்புறம் கடைசியா அதுக்கு வாங்க.

ரெண்டு விஷயம் சொல்லுங்க, கேஸ் எந்த கம்பெனி, அன்னிக்கு வெயில் எப்படி? அப்புறம் தராசுல எடை தெரிஞ்ச செக் வெயிட் வச்சு பார்த்தீங்களா? ஒரு கிரெயின்ங்கிறது சுமாரா 65 மில்லிகிராம், ஒரு குந்துமணியில பாதி, தராசு தடுமாறினா கண்ணுக்கு தெரியவே தெரியாது.

டெக்சாஸ்_மாப்ள:
கேஸ் ரேஞ்சுல பொறுக்கினது அண்ணா, அடியில வட்டத்துக்குள்ள சிலுவை போட்ட மிலிட்டரி கேஸ். வெயில் 100 ஃபாரன்ஹீட் இருக்கும், தோட்டா பெட்டி டிரக் பெட்லயே கெடந்துச்சு 😅

மெக்கானிக்கல்_92:
வேகம் கீழன்னா பிரஷரும் கீழன்னு சொன்னீங்கள்ல, அந்த இடத்துலதான் கணக்கு உதைக்குது. 168 கிரெயின்னா 10.9 கிராம், 2640 எஃப்பிஎஸ்னா செகண்டுக்கு 805 மீட்டர், அந்த குண்டோட எனர்ஜி 3500 ஜூல் சொச்சம். அந்த எனர்ஜி எங்கேர்ந்து வந்துச்சு, பேரல்ல குண்டு ஓடின 18 இஞ்ச் தூரம் (20ல கேஸ் உட்கார்ற இடம் போக) முழுக்க எரிஞ்ச வாயு தள்ளினதுலேர்ந்து. குண்டோட பரப்பாலயும் தூரத்தாலயும் வகுத்தா சராசரி பிரஷர் 23,000 பிஎஸ்ஐதான் (சதுர இஞ்சுக்கு பவுண்டு) வருது (உரசலையும் பவுடர் வாயுவோட சொந்த எடையையும் விட்டுட்டேன், அதையும் சேர்த்தா கூடும்). ஆனா .308க்கு சாமி, அதாங்க அமெரிக்க தோட்டா ஸ்டாண்டர்ட் வைக்கிற அமைப்பு, கோவில் சாமி இல்ல, வச்சிருக்கிற லிமிட் 62,000. அது சராசரிக்கு இல்ல, உச்சத்துக்கு. உச்சம் குண்டு முதல் ரெண்டு மூணு இஞ்ச் நகர்றதுக்குள்ள வந்துட்டு இறங்கிடும். க்ரோனோவுக்கு தெரியறது மொத்த தள்ளு மட்டும்தான், உச்சம் எவ்வளவுன்னு அதுக்கு தெரியாது. வேகமா எரியுற பவுடரும் மெதுவா எரியுற பவுடரும் ஒரே 2640 குடுக்கலாம், மெதுவானது 55,000ல குடுக்கும், வேகமானது 68,000ல. அதனால க்ரோனோவை வச்சு ஒப்பிட்டுதான் பார்க்க முடியும், அதே பவுடர், அதே குண்டு, பேரல் நீளத்தை சரிபண்ணி. அப்படி ஒப்பிடறப்ப புத்தக வேகத்தை தாண்டினா புத்தக பிரஷரையும் தாண்டிட்டோம்னு வச்சுக்கிறதுதான் நல்லது.

இன்னொண்ணு, பவுடர் எரியுற வேகமே பிரஷரை பொறுத்தது, பிரஷர் ஏற ஏற இன்னும் வேகமா எரியும், அதனால அது நேர்கோட்டுல ஏறாது. மருந்து 1% கூட்டினா வேகம் 1% கிட்ட கூடும், பிரஷர் 2%க்கு மேலயே கூடும். உச்சத்துல நின்னுகிட்டு "ஒரு கிரெயின்தானே"ன்னு சொல்றது அந்த இடத்துலதான் ஆபத்து.

பழைய_பட்டறை:
மிலிட்டரி கேஸ்னு கேட்டதுமே பாதி புரிஞ்சுடுச்சு. சாதா வின்செஸ்டர் கேஸை எடை போட்டா 160, 165 கிரெயின் இருக்கும், மிலிட்டரி 180 கிட்ட. வெளி அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான், அப்ப கூடுதல் பித்தளை எல்லாம் உள்பக்கம்தான் உட்கார்ந்திருக்கு. மருந்துக்கு இடம் குறைஞ்சா பிரஷர் ஏறும். நம்பலைன்னா தண்ணி ஊத்தி பாருங்க, சுட்ட கேஸை சைஸ் பண்ணாம (டையில அழுத்தி பழைய அளவுக்கு கொண்டுவராம) பழைய பிரைமரோடயே எடை போட்டு, வாய் வரைக்கும் தண்ணி மட்டமா ஊத்தி திரும்ப எடை போடுங்க, வித்தியாசம்தான் உள்ள இருக்கிற இடம். பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டா குமிழி நிக்காது.

மெல்பர்ன்வாசி:
பிரைமரை பார்த்து ஜோசியம் சொல்றதை விடுங்க நண்பா. சில பிராண்டு பிரைமர் மெத்துனு இருக்கும், லிமிட்டுக்குள்ளயே தட்டையாகும், சிலது கல்லு மாதிரி, 65,000 தாண்டினாலும் உருண்டையாவே சிரிக்கும். சைஸிங் டையில கேஸோட தோளை ரொம்ப தள்ளிட்டா சாதா லோடுலயே தட்டையாகி பயமுறுத்தும். போல்ட் கனக்கிறது, கேஸ் அடியில எஜெக்டர் (காலி கேஸை வெளிய தள்ளுற பின்) ஓட்டை வட்டமா பதியுறது, பிரைமர் பாக்கெட் தளர்றது, இதெல்லாம் பித்தளை தோத்துப்போனதுக்கு அப்புறம் வர்ற அடையாளம், அது வந்தா தாண்டி ரொம்ப நேரமாச்சுன்னு அர்த்தம். வரலைன்னா ஒண்ணும் அர்த்தமில்ல.

வெயிலுக்கு வாங்க. ஒரு ஜனவரி (இங்க அப்ப கோடை), 41 டிகிரி செல்சியஸ், கார் டிக்கில பெட்டி முழுக்க தோட்டா, குளிர்காலத்துல அம்சமா சுட்ட அதே லோடு. மூணாவது தோட்டாவுல போல்ட் தூக்கவே வரல, மரக்கட்டையால தட்டித்தான் தொறந்தேன், கை நடுங்குச்சு. பால் பவுடர் பலது சூட்டுக்கு ரொம்ப ரோஷப்படும், ஃபாரன்ஹீட் ஒரு டிகிரிக்கு ஒரு எஃப்பிஎஸ்ஸுக்கு மேலயே கூட ஏறும். இப்ப வார்கெட்னு வேற பவுடர்தான் போடறேன், இங்க மல்வாலா ஆலையில செஞ்சு அங்க உங்களுக்கு ஹாட்ஜ்டன் கம்பெனி பேர்ல வர்ற அதே சரக்கு, சூடு அவ்வளவா தாக்காது.

டெக்சாஸ்_மாப்ள:
குவிக்லோட் மாதிரி சாஃப்ட்வேர் போட்டா பிரஷர் காட்டுமாமே, அதை நம்பலாமா?

மெக்கானிக்கல்_92:
அது கணக்கு, அளவு இல்ல. கேஸ் கொள்ளளவுக்கு அது தர்ற டீஃபால்ட்டை அப்படியே விட்டா உங்க மிலிட்டரி கேஸுக்கு பொய்தான் சொல்லும். தண்ணி அளவை போட்டு, ஸ்டார்ட்டிங் லோடுலேர்ந்து நீங்க அளந்த வேகத்தோட ஒத்துவர்ற மாதிரி சரிபண்ணி, டிரெண்ட் பார்க்கலாம். அப்பவும் புத்தகம் சொன்ன மேக்ஸிமத்தை தாண்டி போறதுக்கு அதை சாட்சி கூப்பிடாதீங்க, பவுடர் லாட்டுக்கு லாட் மாறும்.

டெக்சாஸ்_மாப்ள:
அப்டேட். தராசு சரியாதான் இருக்கு. தண்ணி ஊத்தி அஞ்சு கேஸ் பார்த்தேன், மிலிட்டரியில 54.2 கிரெயின் தண்ணி பிடிக்குது, நண்பர்கிட்ட வாங்கின வின்செஸ்டர்ல 56. இன்னொண்ணு, லென்ஸ் வச்சு பார்த்தப்பதான் தெரிஞ்சுது, பத்துல மூணு கேஸ் அடியில பிறை மாதிரி லேசா பளபளன்னு ஒரு தடம், மெல்பர்ன்வாசி சொன்ன அந்த எஜெக்டர் தடம்தான். பிரைமரையே பார்த்துகிட்டு இருந்ததுல அதை கவனிக்கவே இல்ல. மிச்சம் முப்பது தோட்டாவையும் சுத்தியல் புல்லர்ல தட்டி கழட்டிட்டேன், ராத்திரி பத்து மணிக்கு என்ன இடிக்கிறீங்கன்னு வீட்ல திட்டு.

பழைய_பட்டறை:
அந்த மூணையும் நசுக்கி குப்பையில போடுங்க. மிச்சத்துல புது பிரைமர் சொருகறப்ப கைக்கு லூஸா பட்டா அதுவும் குப்பைதான். புது கேஸ்ல புத்தகத்தோட ஸ்டார்ட்டிங் லோடுலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க, 2600 வந்ததும் நின்னுடுங்க, மேக்ஸிமத்துக்கு எவ்வளவு கீழ இருந்தாலும் சரி. பன்னிக்கு அந்த 40 எஃப்பிஎஸ் வித்தியாசம் தெரியாது. தோட்டாவை டிரக் பெட்ல போடாம ஐஸ் போடாத கூலர்ல வைங்க.